லேசா என்றால் ஒன்பது

அக்கா பல் டாக்டரைக் கன்னத்தில் அறைந்துவிட்டாளாம். சித்திதான் போனில் சொன்னாள். சித்தி அதைப் பார்க்கவில்லை. சித்தியிடம் சொன்ன தையல்கடைக்காரியும் பார்க்கவில்லை. தையல்கடைக்காரியிடம் சொன்னவர் பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்கு அப்போதுதான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள்.

"ஊரே சிரிக்குதுடி," என்றாள் சித்தி.

"ஊர்னா எத்தனை பேரு சித்தி?"

"நானு, தையல்காரி."

"அவ்வளவுதானா?"

"உங்க சித்தப்பாகிட்டயும் சொன்னேன். அவர் சிரிக்கல. தூங்கிட்டிருந்தார்."

"அறைஞ்சதுக்கு என்ன அடையாளம்?"

"டாக்டர் கன்னம் இந்தா பெருசுக்கு வீங்கியிருக்கு. தையல்காரி கண்ணால பார்த்திருக்கா. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்காம்."

"அஞ்சுமா?"

"சரி, மூணாவது இருக்கும். ஏண்டி இப்படிக் குறுக்கு விசாரணை பண்றே? நானே பயந்து செத்துக் கிடக்கேன்."

நான் இருப்பது வேறு நாட்டில். சித்தி கூப்பிட்டது வியாழக்கிழமை, ஆபீசில் ஒரு கூட்டத்துக்குள் நுழையப்போகும் நேரத்தில். அந்தக் கூட்டம் முடிவதற்குள் அக்காவைப் போலீஸ் பிடித்து, வழக்கு நடந்து, தீர்ப்பும் வந்து, நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவளிடம் ஒரு ஸ்வெட்டரை நீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அறைஞ்சியா?"

"யாரை?"

"டாக்டரை."

"இல்ல," என்றாள். பிறகு, "ஏன், அறையணுமா?" என்று கேட்டாள்.

அக்காவின் பேச்சு அவ்வளவுதான். இல்லை என்றால் இல்லை. 'சத்தியமா இல்ல', 'கனவுல கூட இல்ல' என்று அதற்கு வால் எல்லாம் கட்ட மாட்டாள். எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் தினமும் யாராவது செத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வெயிலில் செத்தாள், மாடிப்படி ஏறிச் செத்தாள், பஸ்ஸுக்கு நின்று செத்தாள். சித்தி வந்தால் இருவரும் சேர்ந்து சிரித்துச் செத்தார்கள். அப்பாவுக்குச் சாகிற பழக்கம் இல்லை, கொல்கிற பழக்கம். "இன்னொரு சத்தம் வந்துச்சு, தோலை உரிச்சுடுவேன்" என்பார். வாழைப்பழத்தைத் தவிர அவர் எதையும் உரித்து நாங்கள் பார்த்ததில்லை. அதையும் பாதியில் ஒடித்துவிடுவார். இருந்தாலும் நான் நம்பினேன். அவர் குரல் உயர்ந்தால் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். பள்ளியில் இன்னொரு மொழியையும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மொழிக்காரர்களாவது கொஞ்சம் அளந்து பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களும் பேச்சுக்குப் பேச்சு சாகிறவர்கள்தான். என்ன, செத்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள்.

அக்கா நம்பவும் இல்லை, பயப்படவும் இல்லை. எண்ணினாள்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும். "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதேன்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு!" என்று அம்மா கத்தினாள். அக்கா கதவுக்குப் பின்னால் போய், சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினொண்ணும்மா."

"என்னது பதினொண்ணு?"

"நீ சொன்னது. ஆயிரத்துக்கு இன்னும் தொள்ளாயிரத்து எண்பத்தொம்பது இருக்கு."

அன்று அம்மா நிஜமாகவே அடித்தாள். அதற்கும் கதவுக்குப் பின்னால் தனியாக ஒரு கோடு விழுந்தது.

இப்படிப்பட்டவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று சித்தி உருகினாள். அத்தான் கட்டிக்கொண்டார். "உனக்காக உயிரையே கொடுப்பேன்" என்று அவர் முதல்முறை சொன்னபோது, "அதெல்லாம் வேண்டாம், சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றாளாம். அவரும் வாங்கிவந்தார். இன்றுவரை வாங்கிவருகிறார்.

இருபத்திரண்டு வருடமாக அக்கா ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மேசைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் முகம் தெரிகிற உயரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. மேசைமேல் தொலைபேசி, சந்திப்பு அட்டைகள், திறந்து மூடுகிற பிளாஸ்டிக் தாடை. எதிரே பன்னிரண்டு நாற்காலிகள். உள்ளேயிருந்து துளைக்கிற சத்தம் வரும்போதெல்லாம் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால்விரலை மடக்குவார்கள். யார் முதலில் உள்ளே போவது என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை. வலி அதிகம் உள்ளவர் முதலில். இது சொல்ல சுலபம். சொல்கிறவர்கள் நம் ஆட்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு அம்மாள் போனில் கூப்பிட்டாள். "உயிர் போகுதும்மா, உயிர் போகுது!"

"உடனே கிளம்பி வாங்க."

"இப்பவா? வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. நாளைக்கு, இல்லைன்னா வெள்ளிக்கிழமை வரேனே."

அதே நாள் ஒரு கொத்தனார் வந்து ஓட்டைக்கு அருகில் குனிந்தார். "லேசா ஒரு மாதிரி இருக்குது. டாக்டர் சும்மா இருந்தா பார்க்கட்டும், இல்லைன்னா அடுத்த வாரம் வரேன்." அப்போது மருத்துவமனையை நடத்திவந்த பெரிய டாக்டர் சும்மா இருந்ததால் பார்த்தார். தாடை எலும்பு வரை சீழ்.

அன்று சாயங்காலமே அக்கா நோட்டுப் போட்டாள். 'உயிர் போகுது' என்றால் பத்துக்கு மூன்று. 'உயிரே போயிடுச்சு' என்றால் இரண்டு. போன பிறகும் பேசுகிறாரே. 'மண்டை வெடிக்குது' நான்கு. 'மண்டை வெடிச்சுடும் போல இருக்குது' என்றால் ஐந்து. அந்த வலியிலும் ஒருவர் 'போல' போடுகிறார் என்றால் கொஞ்சம் யோசித்துப் பேசுகிறார் என்று அர்த்தம். குழந்தைக்காகத் தாய் பேசினால் சொன்னதில் இரண்டு குறைக்க வேண்டும். மனைவிக்காகக் கணவர் பேசினால் மூன்று கூட்ட வேண்டும். "அவ சும்மா முனகிட்டிருக்கா" என்பதற்கு நேராக அக்கா ஏழு என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறாள். 'லேசா' என்றால் ஒன்பது. 'ஒண்ணுமில்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்றால் நாற்காலியில் உட்காரவே விடாமல் உள்ளே அனுப்பிவிடுவாள்.

தப்பே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை பாட்டு டீச்சர் ஒருத்தர் வந்து உயிர் போகிறது என்றார். அக்கா மூன்று போட்டாள். இரண்டரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த டீச்சருக்கு நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தை அக்கா மடித்து வைத்திருக்கிறாள். அதன்பிறகு ஒவ்வொருவரிடமும் பேசும்போது அவர்கள் கையைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கை சும்மா இல்லாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் வாய் சொன்னதை நம்பலாமாம்.

போன வருடம் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். அவருடைய மாப்பிள்ளை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பொறுப்பு எடுத்துக்கொண்டார். சின்ன டாக்டர் நல்லவர். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பிளாஸ்டிக் தாடையைக்கூட மரியாதையாகத்தான் மூடுவார். அவர் கையில் நோட்டு அகப்பட்டதுதான் வம்பு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒருத்தர் தன் வலியை மூணு மடங்கு சொல்றாரா, பாதி சொல்றாராங்கிறதை நாம முடிவு பண்ணக் கூடாதுங்க. அவங்க வலி, அவங்கதான் சொல்லணும்."

"அவங்கதான் சொல்றாங்க டாக்டர். நான் மொழிபெயர்க்கிறேன்."

"அந்தப் பாட்டு டீச்சர்?"

அக்கா நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்த பக்கத்தை இன்னும் அழுத்தி மடித்தாள்.

ஒரு இயந்திரம் வந்தது. தொலைபேசியோடு இணைத்துவிட்டால் அதுவே எடுத்துப் பேசும். 'உங்கள் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லுங்கள். பத்து என்பது உங்களால் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி.' அக்கா இதை எனக்குப் போனில் படித்துக் காட்டி, அந்த இன்னொரு மொழியிலும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன்.

"அப்ப சரி. நம்ம ஆளுங்க கற்பனையைப் பத்தி அவங்களுக்குத் தெரியல."

இரண்டு வாரம் ஒத்திகை. இயந்திரம் ஒரு பட்டியல் போடும், அக்கா ஒரு பட்டியல் போடுவாள். எது சரி என்று சின்ன டாக்டர் பார்த்து, இரண்டாவது சனிக்கிழமை முடிவு சொல்வார். இயந்திரம் ஜெயித்தால் முன்மேசை எடுக்கப்படும். அக்கா பின்னால் கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற அறைக்குப் போக வேண்டும். வேலை போகாது. ஆனால் அந்த அறையில் ஜன்னல் இல்லை, மனிதர் இல்லை.

முதல் நாள் முப்பத்தொரு பேர் கூப்பிட்டார்கள். இருபத்தொன்பது பேர் பத்து. ஒருவர் பன்னிரண்டு. இயந்திரம் 'மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்' என்றது. அவர் பதினைந்து என்றார். பேக்கரிக்காரர் மட்டும் ஒன்று என்றார். எத்தனை பல் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டாராம்.

"எல்லாருமே பத்தா?" என்றார் சின்ன டாக்டர்.

"பத்தோட நிறுத்திட்டீங்களேன்னு வருத்தத்துல இருக்காங்க டாக்டர்."

"பழகிடுவாங்க," என்றார் அவர்.

இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. வியாழக்கிழமை போனில் நான் கேட்டது வேறு. "ஒருவேளை அந்த அறைக்குப் போகச் சொல்லிட்டா உனக்கு எப்படிக்கா இருக்கும்?"



"ஒண்ணுமில்ல," என்றாள். "லேசா ஒரு மாதிரி இருக்கும்."

அவசரமாகப் பேச்சை மாற்றினேன். "சரி, அறையல. அப்ப கன்னம் எப்படி வீங்குச்சு?"

அக்கா சொன்னாள். புதன்கிழமை காலை சின்ன டாக்டர் வந்தபோதே வலது கன்னம் கொஞ்சம் எடுப்பாக இருந்தது.

"என்ன டாக்டர் கன்னம்?"

"ஒண்ணுமில்லைங்க அக்கா. லேசா."

அக்கா பேசாமல் ஓர் அட்டை எடுத்து, அவர் பெயரை எழுதி, பட்டியலில் முதலாவதாக வைத்தாள். பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தது. ஏற்கெனவே நேரம் குறித்திருந்த ஒருவருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டு, சின்ன டாக்டர் வெளியே வந்து முதல் அட்டையை எடுத்து உரக்கப் படித்தார். தன் பெயர்தான் என்று பாதியில்தான் கவனித்தார்.

"என்ன அக்கா இது?"

"நீங்கதான் முதல் ஆளு டாக்டர். ஒன்பது."

"எனக்கு வலியே இல்லைங்க. போனா போகுது, ரெண்டுன்னு போட்டுக்கங்க."

"ரெண்டுன்னா ஏன் காலைலேருந்து இடது பக்கமாவே பேசுறீங்க?"

சின்ன டாக்டர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நடந்தது இவ்வளவுதான்.

அப்போது உள்ளேயிருந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காதவர். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு எதிரே இருந்த தையல்கடைக்குப் போய், பார்த்ததைச் சொன்னார். 'டாக்டரைக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி கேட்டுட்டாங்க' என்பதுதான் செய்தி. 'அறைஞ்ச மா' வரை சொன்னதும் பஞ்சு நழுவியது, வாயை மூடிக்கொண்டார். தையல்கடைக்காரி தன் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டாள்: "அறைஞ்சாம்மா!"

"அவரைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?" என்று அக்கா பிறகு தையல்கடைக்காரியிடம் விசாரித்தாளாம்.

"கேட்டேனே! நிஜமாவான்னு கேட்டேன். தலையை ஆட்டினார்."

"எப்படி ஆட்டினார்?"

"வலியில ஆட்டினார்."

'மாதிரி' தபால்காரர் வாயிலேயே தங்கிவிட, மற்றது கிளம்பிவிட்டது. சித்தி வீடு வரும்போது அஞ்சு விரல் முளைத்திருந்தது. பெரிய டாக்டர் வீட்டை எட்டும்போது சின்ன டாக்டரின் இரண்டு பல் கழன்று விழுந்து, அக்கா அதைப் பொறுக்கி ஜன்னல் வழியாக வீசியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டரே வந்துவிட்டார்; அன்று இரவு அக்கா போனில் சொன்னாள். எழுபத்திரண்டு வயது, கையில் சொந்த டார்ச் விளக்கு. கண்ணாடி ஓட்டைக்கு நேராக நின்றார்.

"ஏம்மா, என் மாப்பிள்ளையை அடிச்சியா?"

"இல்ல டாக்டர்."

"எந்தக் கன்னம் வீங்கியிருக்கு?"

"வலது."

"நீ வலது கையால எழுதுறவ. எதிர்ல நின்னு அடிச்சா இடது கன்னம்ல வீங்கணும். சரி, நீ இல்ல." அவர் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். "இங்க இடது கைக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

ஒரு அம்மாள் தன் இடது கையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் உள்ளே போனார். அங்கே நடந்ததையெல்லாம் அக்கா கண்ணாடி வழியாகக் கேட்டிருக்கிறாள். பன்னிரண்டு நாற்காலியும் கேட்டிருக்கிறது.

"வாயைத் திற."

"ஒண்ணுமில்ல மாமா. லேசா…"

"திறங்கிறேன்ல?"

டார்ச் எரிந்தது. பெரிய டாக்டர் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. கடைசியில், "ஏன்பா, இதை வச்சுக்கிட்டு எப்படிப்பா நீ அடுத்தவன் வாயை எட்டிப் பார்த்தே?" என்றார். ஞானப்பல், அடியில் சீழ். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகியிருக்கும் என்றாராம். தன் மருமகனைத் தன் பழைய நாற்காலியில் படுக்க வைத்து ஊசியை எடுத்தார். ஊசி ஈறைத் தொட்டதும் உள்ளேயிருந்து சின்ன டாக்டர் அலறினார்:

"ஐயோ! உயிர் போகுது மாமா, உயிர் போகுது!"

காத்திருந்த பன்னிரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நோட்டைத் திறந்தாள்.

"எவ்வளவுக்கா போட்டே?" என்றேன் நான்.

"மூணு. ஊசி ஏறியாச்சே, இனி இறங்கத்தான் செய்யும்."

ஒரு மணி நேரம் கழித்து சின்ன டாக்டர் வெளியே வந்தார். பாதி முகம் மரத்துப்போய், நாக்கு அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் தனியாக அலைந்துகொண்டிருந்தது. முன்மேசைக்கு வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார். மடித்த பக்கத்தோடு கிடந்த நோட்டைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தைக் காட்டி ஏதோ சொன்னார்.

இதைச் சொல்லும்போதுதான் அக்கா முதல்முறையாகத் தடுமாறினாள்.

"என்ன சொன்னார்?"

"'மெஷின் வேணம்'னார்."

"வேணுமா, வேணாமா?"

"அதான் தெரியல. 'வேணம்'."

"திரும்பக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். திரும்பவும் 'வேணம்'னார். அழுத்திச் சொன்னார்."

"தலையை ஆட்டினாரா?"

"தலையை ஆட்டக் கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார்."

"எழுதிக் காட்டச் சொல்லியிருக்கலாமேக்கா!"

"அப்பதான் பல் பிடுங்கின ஆளுடி. அவர்கிட்ட என் நாற்காலியைப் பத்தி எழுதித் தாங்கன்னு நிக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு சின்னக் குரலில், "எழுதி, அது 'ணு'வா இருந்தா?" என்றாள்.

முடிவு சொல்ல வேண்டிய அந்தச் சனிக்கிழமை, சின்ன டாக்டர் படுத்துவிட்டதால் மருத்துவமனை திறக்கவில்லை. இரண்டு நாளும் நான் தனியாக இருக்கும்போதெல்லாம் கன்னத்தை உள்ளே உறிஞ்சிக்கொண்டு 'வேணும்', 'வேணாம்' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. லிஃப்டில் பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார். சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வேணாம்னுதான் சொல்லியிருப்பார். கோடி ரூபா கொடுத்தாலும் அவளை மாதிரி ஒருத்தி கிடைப்பாளா?" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டு, "வேணும்னு சொல்லியிருந்தா என்னடி பண்றது, எனக்கு ஈரக்குலையே நடுங்குது," என்றாள்.

இன்று திங்கட்கிழமை. அங்கே காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். வேலை நேரத்தில் அக்கா தன் செல்போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். அதனால் மருத்துவமனை எண்ணுக்கே அடித்தேன். ஒன்பது ஐந்து.

மணி அடித்தது. இயந்திரமாக இருந்தால் ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்து வணக்கம் சொல்லியிருக்கும். எடுக்கவில்லை. இரண்டாவது மணிக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டாள் என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். மூன்றாவது மணி அடித்தது. அக்கா மேசையில் இருந்தால் மூன்றாவது வரை விட மாட்டாளே. இயந்திரத்தைக் கழற்றி இன்னும் திரும்ப இணைக்காமல் மேசையை மட்டும் எடுத்துவிட்டார்களோ. இல்லை, எதிரே யாரோ குனிந்து, லேசாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அக்கா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. ஐந்து. உட்கார்ந்துகொண்டேன். ஆறு. யாராவது எடுத்தால் போதும், வாயில் பஞ்சோடு இருந்தாலும் பரவாயில்லை.

ஏழு.